ஸ்டாண்டர்டு ஹெரால்டு மகிழுந்தின் எரிபொருள் அமைப்பு

ஸ்டாண்டர்டு ஹெரால்டு மகிழுந்தின் எரிபொருள் அமைப்பு என்பது, 1960களில் சென்னையில் உருவாக்கப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு மகிழுந்தில் (கார்) பெட்ரோலைத் தொட்டியிலிருந்து பொறிக்குக் (எஞ்சின்) கொண்டு சென்று, காற்றுடன் கலந்து தரும் பாகங்களின் தொகுப்பு ஆகும். தொட்டி, குழாய்கள், வடிகட்டி, எக்கி (பம்பு), கார்புரேட்டர் ஆகியன இதன் முதன்மையான பாகங்கள். இவற்றுள் இரப்பர், தக்கை போன்றவற்றால் ஆன பாகங்கள் எத்தனால் கலவாத பெட்ரோலை மனத்திற்கொண்டு வடிவமைக்கப்பட்டவை. இந்தியாவில் விற்கப்படும் பெட்ரோலில் எத்தனாலின் அளவு 20% வரை உயர்ந்துள்ளதால், இப்பாகங்களைப் பொருத்தமான பொருட்களால் ஆன புதிய பாகங்களைக் கொண்டு மாற்றுவது, இவ்வகை வாகனங்களைப் பாதுகாப்பாக ஓட்டுவதற்கு இன்றியமையாதது ஆகின்றது. இக்கட்டுரை அப்பாகங்கள் இயங்கும் முறையையும், அவை பழுதாகும் காரணங்களையும், மாற்றும் முறையையும் விளக்குகின்றது. இங்கு கூறப்படுபவற்றுள் பெரும்பாலானவை அதே காலத்தைச் சேர்ந்த பிற கார்புரேட்டர் மகிழுந்துகளுக்கும் பொருந்தும்.

பின்னணி

டிரையம்ப் ஹெரால்டு மகிழுந்து 1959ஆம் ஆண்டு பிரித்தானியாவில் அறிமுகமானது. இதன் உடலை இத்தாலிய வடிவமைப்பாளர் சியோவன்னி மிக்கேலொட்டி வடிவமைத்தார். அக்காலத்தில் பல நிறுவனங்கள் உடலையும் அடிச்சட்டத்தையும் ஒன்றாக இணைத்து உருவாக்கத் தொடங்கியிருந்தன. ஆனால் ஹெரால்டில் தனி அடிச்சட்டமே (சேசிஸ்) பயன்பட்டது. உடலின் பகுதிகள் அதன்மீது மரையாணிகளால் (போல்ட்டு) பிணைக்கப்பட்டன. கூரையும் அவ்வாறே பிணைக்கப்பட்டதால், ஒரே அடிச்சட்டத்தில் மூடிய வகை, மடிகூரை வகை (கன்வெர்ட்டிபிள்) எனப் பல வகைகளை உருவாக்க முடிந்தது. மடிகூரை வகை 1960ஆம் ஆண்டு வெளிவந்தது. மூடிய வகையாக வாங்கப்பட்டுப் பின்னர் கூரை கழற்றப்பட்டுத் திறந்த வகையாக மாற்றப்பட்ட ஹெரால்டுகளும் உண்டு.

இந்தியாவில் இம்மகிழுந்தை ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆப் இந்தியா நிறுவனம், சென்னையை அடுத்த வண்டலூர் பகுதியில் இருந்த தன் தொழிற்சாலையில் "ஸ்டாண்டர்டு ஹெரால்டு" என்ற பெயரில் உருவாக்கியது. 948 கன செ.மீ. கொள்ளளவு கொண்ட நான்கு உருளைப் பொறியே இதில் பயன்பட்டது. ஆண்டுகள் செல்லச் செல்ல உள்நாட்டில் செய்யப்பட்ட பாகங்களின் பங்கு கூடியது. 1960களின் பிற்பகுதியில் நான்கு கதவுகள் கொண்ட வகையும், "கம்பானியன்" என்ற பெயரில் பின்புறம் சரக்கு இடவசதி கொண்ட வகையும் இந்தியச் சந்தைக்கென்றே உருவாக்கப்பட்டன. 1970களின் தொடக்கத்தில் அறிமுகமான "கெசல்" மகிழுந்தும் இதே 948 கன செ.மீ. பொறியைக் கொண்டிருந்தது. அதன் உற்பத்தி 1977இல் நின்றது.

தென் தமிழ்நாட்டில் எரிபொருளுக்கு ஏற்ப வாகனத்தை மாற்றுவது புதிய செயலன்று. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டது. அப்பொழுது மதுரையில் பேருந்துகளை இயக்கி வந்த டி. வி. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம், கரியை எரித்துக் கிடைக்கும் வளிமத்தால் வாகனங்களை இயக்கும் "டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட்" என்னும் கருவியை உருவாக்கியது. சுந்தரம் ஐயங்கார் 1877ஆம் ஆண்டு திருக்குறுங்குடியில் பிறந்தவர். அவ்வூர், தாமிரபரணிக் கரையில் உள்ள ஆழ்வார்திருநகரியைப் போலவே 108 திவ்விய தேசங்களுள் ஒன்று. போர்க்காலத்தில் எரிபொருள் கிடைக்காமையால் அமைப்பை மாற்ற நேர்ந்தது. இன்று எரிபொருளின் இயைபு மாறியதால் பாகங்களை மாற்ற நேர்கின்றது.

அமைப்பும் பாகங்களும்

ஹெரால்டின் பெட்ரோல் தொட்டி வாகனத்தின் பின்புறம், சரக்கு அறையின் (டிக்கி) ஒரு பக்கத்தில் அமைந்துள்ளது. தொட்டியிலிருந்து ஓர் உலோகக் குழாய் அடிச்சட்டத்தை ஒட்டி முன்புறம் வரை செல்கின்றது. அதிர்வு மிகுந்த இடங்களில், அதாவது தொட்டியின் வாயிலும் எக்கியின் வாயிலும், குறுகிய இரப்பர்க் குழாய்கள் (ஓஸ்) இணைப்பாகப் பயன்படுகின்றன.

எக்கி பொறியின் பக்கவாட்டில் பொருத்தப்பட்டுள்ளது. பொறியின் கேம் தண்டு சுழலும்போது, எக்கியின் நெம்புகோல் மேலும் கீழும் அசைகின்றது. நெம்புகோல் ஒரு மெல்லிய டயாப்ரத்தைக் கீழே இழுக்கும்போது பெட்ரோல் எக்கிக்குள் உறிஞ்சப்படுகின்றது. பின்பு சுருள்வில் டயாப்ரத்தை மேலே தள்ளும்போது பெட்ரோல் கார்புரேட்டருக்குச் செல்கின்றது. இதன் அழுத்தம் மிகவும் குறைவு. சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 1.5 முதல் 2.5 இறாத்தல் வரையே இருக்கும். கார்புரேட்டர் நிறைந்துவிட்டால் டயாப்ரம் கீழேயே நின்றுவிடும். எனவே தேவைக்கு மேல் பெட்ரோல் செல்வதில்லை.

கார்புரேட்டரில் முதலில் பெட்ரோல் ஒரு சிறு அறையை அடைகின்றது. அங்குள்ள மிதவை உயரும்போது ஊசி வால்வு மூடிக்கொள்கின்றது. இதனால் அறையில் பெட்ரோலின் மட்டம் மாறாமல் நிற்கின்றது. காற்று செல்லும் வழி ஓரிடத்தில் குறுகலாக்கப்பட்டுள்ளது. அங்கு காற்றின் விரைவு கூடி அழுத்தம் குறைவதால், பெட்ரோல் ஒரு நுண்துளை வழியாக ஈர்க்கப்பட்டுத் துளிகளாகச் சிதறிக் காற்றுடன் கலக்கின்றது. அளவிடப்பட்ட அந்நுண்துளை கொண்ட சிறு பித்தளைத் துண்டு "ஜெட்" எனப்படுகின்றது. மூடிய வகை ஹெரால்டில் ஒற்றைச் சோலெக்ஸ் கார்புரேட்டரும், பிரித்தானியாவில் 948 கன செ.மீ. பொறியுடன் வெளிவந்த மடிகூரை வகையில் இரட்டை எஸ்.யு. கார்புரேட்டர்களும் பொருத்தப்பட்டன. எஸ்.யு. வகையில் ஜெட்டினுள் மேலும் கீழும் நகரும் கூம்பு வடிவ ஊசி ஒன்று பெட்ரோலின் அளவைத் தீர்மானிக்கின்றது.

இவ்வமைப்பில் மின்னணுக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. இன்றைய மகிழுந்துகளில் புகைக்குழாயில் உள்ள உணரி, கலவையை நொடிக்கு நொடி திருத்துகின்றது. ஹெரால்டிலோ ஜெட்டின் துளை எவ்வளவோ அவ்வளவு பெட்ரோல் மட்டுமே செல்லும். பெட்ரோலின் இயைபு மாறினாலும் அமைப்பு அதனை அறியாது. பின்வரும் சிக்கல்களுள் ஒரு பகுதிக்கு இதுவே காரணம்.

பெட்ரோலில் ஏற்பட்ட மாற்றங்கள்

ஹெரால்டு உருவாக்கப்பட்ட காலத்தில் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு பெப்ரவரி முதல் இந்தியா முழுவதும் ஈயம் அற்ற பெட்ரோல் மட்டுமே விற்கப்படுகின்றது. இம்மாற்றம் பொறியின் வெளியேற்று வால்வுகளின் இருக்கைகளைப் பாதிக்கக் கூடியது. எரிபொருள் அமைப்பின் பாகங்களை இது பெரிதாகப் பாதிக்கவில்லை.

எத்தனால் கலப்பு அவ்வாறன்று. வாகன எரிபொருளில் சாராயம் கலக்கும் எண்ணம் பழையது. 1948ஆம் ஆண்டிலேயே இந்தியாவில் இதற்கெனச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. எனினும் பரவலான கலப்பு 2003ஆம் ஆண்டு சனவரியில்தான் தொடங்கியது. தமிழ்நாடு உள்ளிட்ட ஒன்பது மாநிலங்களிலும் நான்கு ஒன்றியப் பகுதிகளிலும் 5% கலப்பு அப்போது நடைமுறைக்கு வந்தது. 2022இல் நாடு தழுவிய சராசரி 10%-ஐ எட்டியது. 20% எத்தனால் கலந்த பெட்ரோல் (இ20) 2023 பெப்ரவரியில் பெங்களூரில் முறையாக அறிமுகப்படுத்தப்பட்டது. 2025இல் நாடு முழுவதும் 20% கலப்பு எட்டப்பட்டது. கரும்புச் சக்கைப்பாகு, மக்காச்சோளம், அரிசி முதலியவற்றிலிருந்து இந்த எத்தனால் பெறப்படுகின்றது. கச்சா எண்ணெய் இறக்குமதியைக் குறைப்பதும் உழவர்களுக்கு வருவாய் கிடைக்கச் செய்வதும் இத்திட்டத்தின் நோக்கங்கள்.

எத்தனாலின் விளைவுகள்

எத்தனால் பழைய எரிபொருள் அமைப்பை நான்கு வழிகளில் பாதிக்கின்றது.

முதலாவது, பொருட்களின் சிதைவு. இயற்கை இரப்பரும் பழைய வகை நைட்ரைல் இரப்பரும் எத்தனாலை உறிஞ்சி வீங்குகின்றன. பின்னர் உலரும்போது சுருங்கி வெடிக்கின்றன. தக்கையால் ஆன அடைப்புத் தகடுகள் (கேஸ்கெட்) மீது பூசப்பட்ட அரக்கு எத்தனாலில் கரைகின்றது. எக்கியின் டயாப்ரம் விறைத்துப் பிளக்கின்றது.

இரண்டாவது, நீர். பெட்ரோல் நீருடன் கலப்பதில்லை. எத்தனாலோ காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் தன்மை உடையது. எத்தனால் கலந்த பெட்ரோலில் நீரின் அளவு ஓர் எல்லையைக் கடந்தால், நீரும் எத்தனாலும் சேர்ந்து தனிப்படலமாகப் பிரிந்து தொட்டியின் அடியில் தங்குகின்றன. 10% எத்தனால் உள்ள பெட்ரோலில் இவ்வெல்லை ஏறத்தாழ 0.5% நீர். 20% கலப்பில் எல்லை இதனினும் உயர்வு. பெட்ரோலை உறிஞ்சும் குழாயின் வாய் தொட்டியின் அடிப்பகுதியில் இருப்பதால், இப்படலமே முதலில் பொறிக்குச் செல்கின்றது. தொட்டியின் எஃகும், கார்புரேட்டரின் துத்தநாகக் கலப்புலோகமும் இதனால் அரிக்கப்படுகின்றன.

மூன்றாவது, கரைக்கும் தன்மை. நெடுங்காலம் நின்ற பெட்ரோல் தொட்டியிலும் குழாயிலும் அரக்கு போன்ற படிவை விட்டுச் செல்கின்றது. எத்தனால் இப்படிவுகளைக் கரைத்து இளக்குகின்றது. இளகிய துகள்கள் வடிகட்டியையும் ஜெட்டுகளையும் அடைக்கின்றன.

நான்காவது, கலவையின் மாற்றம். ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. எத்தனாலுக்கு 9 கிராம் போதும். 20% எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு இவ்விகிதம் ஏறத்தாழ 13.5 ஆகும். எனவே அதே அளவு காற்றுக்கு 8 முதல் 9 விழுக்காடு மிகுதியான எரிபொருள் தேவை. துளை மாறாத ஜெட் அதனைத் தருவதில்லை. கலவையில் எரிபொருள் குறைந்து பொறி தயங்குகின்றது, கூடுதலாகச் சூடாகின்றது. இதற்கும் மேலாக, ஒரு லிட்டர் எத்தனாலின் ஆற்றல் ஒரு லிட்டர் பெட்ரோலின் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கே என்பதால், ஓடும் தொலைவும் ஓரளவு குறையும்.

கடலோரப் பகுதிகளில் ஏற்படும் பழுதுகள்

தூத்துக்குடி, திருச்செந்தூர் போன்ற கடலோர ஊர்களில் மேற்கூறிய பாதிப்புகள் விரைவுபடுகின்றன. இக்கடற்கரையின் வெப்பமும் காற்றும் உப்பளங்களுக்கு ஏற்றவை. அதே உப்புக் காற்று எஃகுக் குழாய்க்குப் பகை. அடிச்சட்டத்தை ஒட்டிச் செல்லும் பெட்ரோல் குழாயை அதனுடன் பிணைக்கும் கவ்விகளின் (கிளிப்பு) அடியில் உப்பும் ஈரமும் தங்குகின்றன. குழாயின் வெளித்தெரியும் பகுதி நன்றாக இருக்கும்போதே கவ்வியின் அடியில் துருவேறித் துளை விழுவது வழக்கமான பழுது. உள்நாட்டில், திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில் அமைந்துள்ள ஆழ்வார்திருநகரி போன்ற ஆற்றங்கரை ஊர்களில் உப்பின் தாக்கம் குறைவு. ஆயினும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காற்றின் ஈரம் அங்கும் மிகுகின்றது.

தொட்டி அரைகுறையாக நிரம்பியிருந்தால், அதன் வெற்றிடத்தில் உள்ள காற்று பகலில் விரிந்து வெளியேறுகின்றது. இரவில் சுருங்கும்போது ஈரக்காற்று மூடியின் காற்றுத்துளை வழியாக உள்ளே வருகின்றது. நாள்தோறும் நிகழும் இந்தச் "சுவாசத்தின்" மூலம் சிறிது சிறிதாக நீர் சேர்கின்றது.

மடிகூரை மகிழுந்துகளில் இரண்டு சிக்கல்கள் கூடுதலாக உள்ளன. துணிக் கூரையின் தையலிலும் ஓரங்களிலும் கசியும் மழைநீர் சரக்கு அறையை அடைந்தால், தொட்டி வெளிப்புறத்திலிருந்தும் துருவேறும். மேலும், பயணிகள் பகுதிக்கும் சரக்கு அறைக்கும் இடையே இறுக்கமான தடுப்பு இல்லாவிடில், தொட்டியிலோ நிரப்புக் கழுத்திலோ ஏற்படும் கசிவின் ஆவி, கூரை மூடிய நிலையில் உள்ளே தங்கும். ஆகவே இவ்வகை வாகனத்தில் பெட்ரோல் வாடையை இயல்பானது என்று விட்டுவிடுதல் கூடாது.

பாகங்களை மாற்றுதல்

முன்னேற்பாடுகள்

பெட்ரோலின் ஆவி காற்றை விட 3 முதல் 4 மடங்கு அடர்த்தியானது. எனவே அது தரையை ஒட்டிப் பரவிப் பள்ளங்களில் தேங்குகின்றது. ஏறத்தாழ −40 பாகை செல்சியசிலேயே அது தீப்பற்றும் அளவு ஆவியாகும். காற்றில் 1.4% முதல் 7.6% வரை ஆவி இருந்தால் ஒரு பொறியே அதனைப் பற்றவைக்கப் போதும். இதனால் பின்வருவன பின்பற்றப்பட வேண்டும்.

* வேலை திறந்த வெளியிலோ நல்ல காற்றோட்டம் உள்ள இடத்திலோ நடைபெற வேண்டும். வாகனத்தின் அடியில் நின்று வேலை செய்யும் பள்ளத்தின் மேல் வாகனத்தை நிறுத்திப் பெட்ரோலை வடிக்கக் கூடாது.
* மின்கலத்தின் (பேட்டரி) இணைப்பை முதலில் கழற்ற வேண்டும்.
* கண்ணாடிக் குமிழ் விளக்கைக் கையில் எடுத்துச் செல்லுதல் கூடாது. குமிழ் உடைந்தால் அதன் சூடான இழை தீமூட்டும்.
* வடித்த பெட்ரோலை மூடியுள்ள உலோகக் கலனில் வைக்க வேண்டும்.
* உலர்தூள் அல்லது கரியமிலவாயுத் தீயணைப்பான் கைக்கெட்டும் தொலைவில் இருக்க வேண்டும்.

தொட்டி

தொட்டியைக் கழற்றி உட்புறத்தை ஆராய வேண்டும். செந்நிறத் துகள்கள் இருப்பின் அது துருவேறியுள்ளது. சிறு கற்களையோ சங்கிலித் துண்டுகளையோ உள்ளே இட்டுக் குலுக்கித் துருவை உதிர்த்து, பாசுபாரிக் காடி கொண்ட கரைசலால் கழுவி, முழுவதும் உலர்த்துவது வழமையான முறை. துளை விழுந்த தொட்டியைப் பற்றவைப்பது (வெல்டிங்) பெரும் ஆபத்து. பெட்ரோலை வடித்துப் பல நாட்கள் ஆனபின்னும் தொட்டியின் மடிப்புகளில் ஆவி தங்கியிருக்கும். வெறும் தொட்டி நிறைந்த தொட்டியை விட ஆபத்தானது. ஏனெனில் அதில் ஆவியும் காற்றும் எரியக்கூடிய விகிதத்தில் கலந்திருக்கும். எனவே இவ்வேலையைத் தொட்டியை முறையாகக் கழுவி ஆவி நீக்கும் வசதியுள்ள பட்டறையிடமே ஒப்படைக்க வேண்டும். தொட்டியின் உட்புறம் பூசப்படும் காப்புப் பூச்சு எத்தனாலைத் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். பழைய வகைப் பூச்சுகள் எத்தனாலில் உரிந்து, அமைப்பு முழுவதையும் அடைத்துவிடும்.

மூடியில் உள்ள காற்றுத்துளையும் சோதிக்கப்பட வேண்டும். அது அடைபட்டால் தொட்டியில் வெற்றிடம் உண்டாகி, சில கிலோமீட்டர் ஓடியபின் பொறி நின்றுவிடும். மூடியைத் திறந்தவுடன் மீண்டும் ஓடினால் பழுது இதுவே என்று அறியலாம்.

குழாய்கள்

இரப்பர்க் குழாய்கள் அனைத்தையும், தோற்றத்தில் நன்றாக இருப்பினும், மாற்றிவிட வேண்டும். புளோரோ இரப்பர் உட்பூச்சுக் கொண்ட குழாய்களே எத்தனாலுக்கு ஏற்றவை. எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்னும் தரக்குறி இவ்வகையைக் குறிக்கின்றது. குழாயின் வெளிப்புறத்தில் இக்குறி அச்சிடப்பட்டிருக்கும். ஆர்6 என்னும் குறியுடையது பழைய வகை. தண்ணீருக்கோ காற்றுக்கோ பயன்படும் சாதாரணக் குழாயைத் தற்காலிகமாகக் கூடப் பொருத்துதல் கூடாது. கவ்விகளில், விளிம்பு மடிக்கப்பட்டு முழுச்சுற்றும் சமமாக இறுகும் வகையே சிறந்தது. துளையிட்ட பட்டை கொண்ட கவ்வி மெல்லிய குழாயின் மேற்பரப்பை அறுத்துவிடும்.

துருவேறிய எஃகுக் குழாய்க்கு மாற்றாகச் செம்பு–நிக்கல் கலப்புலோகக் குழாய் கடலோரங்களுக்கு மிகவும் பொருத்தமானது. அது உப்பால் எளிதில் அரிக்கப்படுவதில்லை. கையாலேயே வளைக்கவும் முடியும். குழாய் சூடான புகைக்குழாயிலிருந்து விலகிச் செல்ல வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் எளிதில் ஆவியாகும் என்பதால், சூடான குழாயில் ஆவிக் குமிழிகள் தோன்றி எக்கியைச் செயலிழக்கச் செய்கின்றன. சித்திரை, வைகாசி வெயிலில் போக்குவரத்து நெரிசலில் நின்ற வாகனம் மீண்டும் கிளம்ப மறுப்பதற்கு இது ஒரு முதன்மையான காரணம்.

வடிகட்டி

தொட்டிக்கும் எக்கிக்கும் இடையே ஒரு வடிகட்டி பொருத்தப்படுவது நன்று. பொறிக்கு அருகில் பொருத்துவதாயின் உலோக உறை கொண்டது பாதுகாப்பானது. எத்தனால் பழைய படிவுகளை இளக்கும் என்பதால், புதிய வடிகட்டியை முதல் இரண்டு மூன்று முறை தொட்டி நிரப்பியபின் மீண்டும் ஒருமுறை மாற்ற வேண்டும்.

எக்கி

எக்கியின் டயாப்ரம், வால்வுகள், அடைப்புத் தகடு ஆகியவை அடங்கிய தொகுப்பு (கிட்) கொண்டு அதனைப் புதுப்பிக்கலாம். டயாப்ரம் பிளந்தால் இரு வகைத் தீங்கு நேரும். பெட்ரோல் வெளியே கசியலாம். அல்லது பொறியின் உள்ளே இறங்கி எண்ணெயுடன் கலக்கலாம். பின்னது கண்ணுக்குத் தெரியாது. எண்ணெய் அளவுகோலில் (டிப் ஸ்டிக்) பெட்ரோல் வாடை வீசினாலோ, எண்ணெயின் மட்டம் உயர்ந்து காணப்பட்டாலோ, பொறியை இயக்காமல் எக்கியைச் சோதித்து எண்ணெயையும் மாற்ற வேண்டும். நீர்த்துப்போன எண்ணெய் பொறியின் தாங்கிகளைத் தேய்த்துவிடும்.

சிலர் இவ்வெக்கிக்கு மாற்றாக மின்சார எக்கியைப் பொருத்துகின்றனர். எரிபொருள் உட்செலுத்து முறை கொண்ட இன்றைய மகிழுந்துகளின் எக்கிகள் பல மடங்கு மிகுந்த அழுத்தம் தருபவை. அவற்றைப் பொருத்தினால் கார்புரேட்டரின் ஊசி வால்வு தாங்காமல் பெட்ரோல் சூடான பொறியின்மீது வழியும். கார்புரேட்டருக்கென்றே உருவாக்கப்பட்ட குறைந்த அழுத்த எக்கியையே பயன்படுத்த வேண்டும். பொறி நின்றாலோ வாகனம் மோதினாலோ எக்கியின் மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் இணைப்பியும் உடன் தேவை. இயந்திர எக்கி பொறி நின்றவுடன் தானே நின்றுவிடும். மின்சார எக்கிக்கு அத்தன்மை இல்லை.

கார்புரேட்டர்

கார்புரேட்டரைக் கழற்றியபின் பாகங்களைக் கழற்றிய வரிசையிலேயே அடுக்கி வைப்பது பயன் தரும். ஜெட்டுகளைக் கம்பியால் குத்தித் தூய்மை செய்தல் கூடாது. நுண்துளை சிறிதளவு பெரிதானாலும் கலவை மாறிவிடும். தூய்மையாக்கும் கரைசலும் அழுத்தக் காற்றும் போதும். பித்தளை மிதவையில் ஓட்டை உள்ளதா என்று அறிய, அதனை வெந்நீரில் அமிழ்த்திப் பார்க்கலாம். குமிழிகள் வந்தால் ஓட்டை உண்டு. ஊசி வால்வு, அடைப்புத் தகடுகள் ஆகியவற்றைப் புதியனவாக மாற்ற வேண்டும். த்ராட்டில் தண்டு தேய்ந்திருந்தால் அதன் ஓரமாகக் காற்று உட்புகும். அந்நிலையில் எவ்வளவு திருத்தினாலும் பொறி சீராக ஓடாது.

கலவையைச் சீர்செய்தல்

பாகங்களை மாற்றியபின் கலவையைச் சீர்செய்ய வேண்டும். சோலெக்ஸ் ஜெட்டுகளின்மீது பொறிக்கப்பட்டுள்ள எண், துளையின் விட்டத்தை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவில் குறிக்கின்றது. 110 என்பது 1.10 மி.மீ. விட்டம் ஆகும். செல்லும் பெட்ரோலின் அளவு துளையின் பரப்பைச் சார்ந்தது. பரப்பு விட்டத்தின் இருபடியாகக் கூடுகின்றது. எடுத்துக்காட்டாக 110 எண் ஜெட்டுக்கு மாற்றாக 115 எண் ஜெட்டைப் பொருத்தினால் விட்டம் 4.5% மட்டுமே கூடும். பரப்போ ஏறத்தாழ 9% கூடும். 20% எத்தனால் கலப்புக்குத் தேவைப்படும் மிகுதி இவ்வளவே. இக்கணக்கு விளக்கத்துக்கானது. ஒவ்வொரு பொறியின் நிலைக்கும் ஏற்ப ஓட்டிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். எஸ்.யு. வகையில் ஜெட்டைத் தாழ்த்தியோ, மெலிந்த ஊசியைப் பொருத்தியோ இதனைச் செய்யலாம்.

சில கிலோமீட்டர் ஓட்டியபின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது எளிய சோதனை. நுனி வெண்மையாக இருந்தால் எரிபொருள் போதவில்லை. கரி படிந்திருந்தால் எரிபொருள் மிகுதி. இளம்பழுப்பு நிறமே சரியான கலவையைக் காட்டுகின்றது.

இறுதிச் சோதனை

எக்கியின் கைநெம்புகோல் கொண்டு கார்புரேட்டரை நிரப்பி, பொறியை இயக்காமல் எல்லா இணைப்புகளையும் உலர்ந்த துணியால் துடைத்துக் கசிவு உள்ளதா எனப் பார்க்க வேண்டும். அதன்பின்னரே மின்கலத்தை இணைத்துப் பொறியை இயக்க வேண்டும். ஹெரால்டின் முன்மூடி சக்கர மேற்காப்புகளுடன் சேர்ந்து முன்புறமாகச் சாயும் அமைப்புடையது. இதனால் பொறியின் எல்லாப் பக்கங்களையும் எளிதாகக் காண முடிகின்றது. பொறி நன்கு சூடானபின்னும், மறுநாள் காலையிலும் கசிவைச் சோதிப்பது அவசியம். புதிய இரப்பர் முதல் சில நாட்களில் சற்று அமுங்குவதால் கவ்விகளை ஒருமுறை மீண்டும் இறுக்க நேரிடலாம்.

மூலத்தன்மையும் சட்டமும்

பழைய வாகனங்களைப் பேணுவோரிடையே, மூலப் பாகங்களையே வைத்திருக்க வேண்டும் என்ற கருத்தும், பாதுகாப்பை முன்னிட்டு மாற்றலாம் என்ற கருத்தும் உள்ளன. எரிபொருள் அமைப்பைப் பொறுத்தவரை இவ்விரண்டுக்கும் பெரிய முரண் இல்லை. எக்கியின் உடல், கார்புரேட்டரின் உடல், தொட்டி ஆகியன மூலப் பாகங்களாகவே நீடிக்கலாம். மாற்றப்படுவன தேய்ந்து அழிவதற்கென்றே அமைந்த இரப்பரும் தகடும் மட்டுமே.

2021ஆம் ஆண்டு இந்திய அரசு, தொன்மை வாகனங்களின் (விண்டேஜ்) பதிவுக்கெனத் தனி விதிகளை அறிவித்தது. முதல் பதிவு நாளிலிருந்து 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்கள், அடிச்சட்டம், உடல், பொறி ஆகியவற்றில் பெரும் மாற்றம் செய்யப்படாமல் மூல வடிவில் பேணப்பட்டிருந்தால் இவ்வகைப் பதிவைப் பெறலாம். பதிவெண்ணில் "வி.ஏ." என்னும் எழுத்துகள் இடம்பெறும். பதிவு 10 ஆண்டுகள் செல்லும். இவ்வாகனங்களை அன்றாடப் பயன்பாட்டுக்கோ வணிகத்துக்கோ ஓட்ட இயலாது. 1960களின் ஹெரால்டுகள் வயது வரம்பைக் கடந்துவிட்டன. எத்தனாலைத் தாங்கும் குழாய், டயாப்ரம் போன்றவற்றைப் பொருத்துவது தேய்ந்த பாகத்துக்கு மாற்று இடும் பராமரிப்பே. கூரையை அறுத்துத் திறந்த வகையாக மாற்றுவது உடலின் மாற்றம் என்பதால், அது வேறுவகையில் கருதப்படக் கூடும்.

உதிரிப் பாகங்கள்

ஹெரால்டின் பொறி, ஸ்டாண்டர்டு எய்ட், ஸ்டாண்டர்டு டென் ஆகிய மகிழுந்துகளின் பொறிக் குடும்பத்தைச் சேர்ந்தது. பிரித்தானியாவில் டிரையம்ப் ஸ்பிட்பயர் மகிழுந்திலும் இதன் வளர்ந்த வடிவமே பயன்பட்டது. எல்லா வகைகளையும் சேர்த்து ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட ஹெரால்டுகள் உருவாக்கப்பட்டமையால், எக்கி, கார்புரேட்டர் ஆகியவற்றுக்கான புதுப்பிப்புத் தொகுப்புகள் இன்றும் வெளிநாடுகளில் செய்யப்படுகின்றன. சென்னையில் புதுப்பேட்டை, பழைய வாகனங்களின் உதிரிப் பாகங்களுக்குப் பெயர்பெற்ற பகுதி. அங்கு கிடைக்கும் உலோகப் பாகங்கள் பயன் தருபவை. ஆனால் பல பத்தாண்டுகளாகப் பெட்டி பிரிக்காமல் கிடந்த "புதிய" இரப்பர்ப் பாகங்களை வாங்குதல் கூடாது. இரப்பர் பயன்படுத்தாமலே முதுமை அடையும் பொருள். அத்துடன் அது எத்தனாலைத் தாங்காத பழைய வகையாகவே இருக்கும்.

வாகனத்தை நிறுத்தி வைத்தல்

தொன்மை வாகனங்கள் ஆண்டின் பெரும்பகுதி ஓடாமல் நிற்பவை. நிறுத்தி வைக்கும் காலமே எரிபொருள் அமைப்புக்கு மிகுந்த தீங்கு விளைவிப்பது. சில வாரங்களுக்கு நிறுத்துவதாயின் தொட்டியை நிரப்பி வைத்தால் ஈரக்காற்று புகும் இடம் குறையும். பல மாதங்களுக்கு நிறுத்துவதாயின் தொட்டியையும் கார்புரேட்டரையும் முழுவதும் வடித்து வைப்பதே நன்று. மீண்டும் ஓட்டும் முன்னர்த் தொட்டியின் அடியிலிருந்து சிறிதளவு பெட்ரோலைக் கண்ணாடிக் குவளையில் வடித்துச் சில நிமிடங்கள் வைத்துப் பார்க்கலாம். அடியில் தனிப்படலம் தெரிந்தால் அப்பெட்ரோலைப் பயன்படுத்துதல் கூடாது. இரப்பர்க் குழாய்கள் எத்தகையன ஆயினும், அவற்றைப் பொருத்திய ஆண்டைக் குறித்து வைத்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றி வருவது தீ விபத்தைத் தவிர்க்கும் எளிய, செலவு குறைந்த வழி ஆகும்.